மடுல்சீமை லயத்து மக்களுக்கு, வேலிக் கம்பியைப் பற்றி

பட்டாவத்தை, ரோபெரி, கொக்காகலை என்று இந்த மலைச் சரிவுகளில் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டிருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, பீலிக்கரையில் வாளியோடு வரிசையில் நிற்கும் தங்கச்சிமாரே,

காத்துக் காலம் தொடங்கிவிட்டது. கூரைத் தகரத்தின் மேல் கல் ஏற்றியாயிற்று. பீலியில் தண்ணீர் விரல் தடிப்புக்கு இறங்கிவிட்டது. இன்னும் ஒரு கிழமைக்குள் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுப்பங்கரைச் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கும் பழைய கிளச் கம்பியை எடுப்பீர்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துருவைத் துடைப்பீர்கள். ஒரு முனையில் சுருக்குப் போட்டு, பன்றி இறங்கும் தடத்தில் ஒரு தேயிலைத் தூரிலோ கொய்யா மரத்திலோ கட்டுவீர்கள். இந்த மடல் அந்தக் கம்பியைப் பற்றியது. இந்த வருசம் அதைக் கட்ட வேண்டாம் என்று கேட்பதற்காக எழுதுகிறேன். ஏன் என்று சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். திட்டுவதானால் அதற்குப் பிறகு திட்டுங்கள்.

கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்து, சின்ன உலக முடிவில் கூடாரம் அடித்து, படம் பிடித்துக்கொண்டு போகிற ஆள் இல்லை நான். நானும் கம்பி கட்டியவன்தான். வத்தாளங்கொடி ஒரே இரவில் உழுத வயல் மாதிரிக் கிடந்த ஒரு காலையில், ஆத்திரத்தில் இரண்டு சுருக்கு வைத்தேன். மூன்றாம் நாள் விடிய முன்னே சத்தம் கேட்டது. பன்றிதான் என்று மம்பட்டியோடு ஓடினேன். மாட்டியிருந்தது பக்கத்துக் காம்பராவின் நாய். நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ரொட்டியில் பாதியைத் தின்று வளர்ந்த நாய். கம்பி இடுப்பில் இறங்கி இருந்தது. அதை வெட்டி எடுக்க என்னிடம் குறடு இல்லை. கடைசியில் எடுத்தோம், நாய் மத்தியானம்வரைதான் இருந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் அந்த இரண்டு கம்பியையும் நான் வீசவில்லை. அதை ஏன் வைத்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் நட்டம் எனக்குத் தெரியும். கோவாக் கன்று வாங்கி, பிரட்டுக்குப் போகும் முன்னும் கொழுந்து நிறுத்து வந்த பின்னும் தண்ணீர் சுமந்து ஊற்றி, இலை சுருளும் நேரத்தில் ஒரு பன்றிக் குடும்பம் இறங்கினால் அரை மணித்தியாலத்தில் கதை முடிந்தது. முள்ளம்பன்றி மரவள்ளித் தூரை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு மேலே மரம் நிற்பதுபோல நிறுத்திவைத்துவிட்டுப் போகும். இரண்டு நாள் கழித்து வாடும்போதுதான் நமக்குத் தெரியும். குரங்கு போஞ்சியைத் தின்பதைவிடப் பிய்த்து எறிவதுதான் அதிகம். வயிறெரியத்தான் செய்யும்.

நமக்கு இந்தத் தோட்டம் பொழுதுபோக்கும் இல்லை. 2021-இல் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே எத்தனை வருசம் தெருவில் நின்றோம். அதே வருசம் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, அடுத்த வருசம் நாடே கவிழ்ந்தது, கடையில் கரட் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தோம். 2022 ஜூன் மாதம் அரசாங்க உத்தியோகத்தருக்கு, வீட்டுத் தோட்டம் செய்யச் சொல்லி வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். நல்ல விசயம். நமக்கு அப்படி ஒரு வெள்ளிக்கிழமையை யாரும் தரவில்லை. நாம் இருட்டில் கொத்தினோம். அந்த வருசம்தான் கான் ஓரம், ரோட்டு ஓரம், கோயிலுக்குப் பின்பக்கம் என்று கிடைத்த இடமெல்லாம் பாத்தி ஆனது. பாத்தி பெருகிய அளவுக்குக் கம்பியும் பெருகியது. இது நான் கண்ணால் பார்த்தது.

இனி இந்தக் காத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆடி மாதம் ஹட்டன் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் குடை வேண்டும். இங்கே உதடு வெடிக்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை எல்லாம் நடுமலையின் அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி வெறுங்கையோடு ஊவாவுக்குள் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகி, இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. கீழே மட்டக்களப்புக்காரர் இதைத்தான் கச்சான் காத்து என்கிறார்கள். நமக்குச் சரியான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான்.

இதே காத்துதான் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. ஜூலை முதல் செப்டெம்பர்வரை, வறண்ட காற்றில் கொழுந்து மெதுவாக வளரும்போது அதில் ஒரு தனி வாசம் ஏறுகிறது. அந்த வாசத்துக்குத்தான் கொழும்பு ஏலத்தில் விலை. நம் கொழுந்து குறைந்து, நிறை குறைந்து, நாள் கூலியான பேர் அரைப்பேர் ஆகும் மாதங்களும் அவைதான். உலகத்துக்கு வாசம், நமக்குத் தாகம் என்று என் தாத்தா சொல்வார். இதில் ஒரு திருத்தம் சேர்க்க விரும்புகிறேன்: தாகம் நமக்கு மட்டும் இல்லை.

அந்த மாதங்களில் மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பத்தனைப் புல்வெளி காய்ந்து மஞ்சளாகிறது. புதுப் புல் முளைக்கட்டும் என்று மாட்டுக்காரர் ஒருவர் தீ வைப்பார், வேட்டைக்குப் போகிறவர் ஒருவர் வைப்பார், கூடாரம் அடித்த பொடியன்கள் தேத்தண்ணி வைத்த அடுப்பை அணைக்காமல் போவார்கள். மானாப் புல் எண்ணெய் ஊற்றியது மாதிரி எரியும். ஓடைகள் கல்லாகின்றன. அந்த நேரம் மலை உச்சியிலிருந்து ஒரு பன்றியோ கேளையோ கீழே பார்த்தால் பச்சையாக, ஈரமாகத் தெரிவது இரண்டே இடம்: நம் பீலிக்கரை, அதன் கழிவுத் தண்ணீர் போகும் வழியில் இருக்கும் நம் பாத்தி. அது நம்மைத் தேடி வரவில்லை. தண்ணீரின் வழியே நடந்து வருகிறது. நாம் சுருக்கு வைப்பது சரியாக அந்தத் தண்ணீர் வழியில்தான்.

அந்த வழியில் யார் யாரெல்லாம் வருகிறார்கள் என்று கம்பிக்குத் தெரியாது.

2020 மே 26ஆம் திகதி, நல்லதண்ணி பக்கம் லக்சபான தோட்டத்தில், பன்றிக்கென்று மரக்கறிப் பாத்தியோரம் வைத்த கம்பியில் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா காலம், எல்லோர் கைப்பேசியிலும் அந்தப் படம் வந்தது. இலங்கையில் கருப்பு நிறத்தில் சிறுத்தையைக் காண்பதே மிக அரிது. வனஜீவராசிகள் திணைக்கள வைத்தியர்கள் மயக்க ஊசி போட்டு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் செத்துப்போனது. கம்பியில் மாட்டிய மிருகம் அப்படித்தான். எடுத்துவிட்ட உடனே எழுந்து ஓடிவிட்டால் தப்பிவிட்டது என்று நாம் நினைப்போம். இழுத்து இழுத்து உள்ளே சதையும் குடலும் நசுங்கியிருக்கும். அது எங்கேயோ புதருக்குள் போய்ச் சாகும், நமக்குத் தெரியாது.

அந்தக் கம்பியை வைத்தவர் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அவரும் நம்மைப்போல ஒருவர்தான். அவர் காத்தது நாலு பாத்தி. அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: இது கெட்டவர்கள் செய்கிற காரியம் இல்லை, அவசரத்தில் இருக்கிறவர்கள் செய்கிற காரியம்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. நாள் முடிவில் தராசைப் பார்க்காமல் வீடு போகாத ஆட்கள் நாம். சிறுத்தை எதைத் தின்று வாழ்கிறது? பன்றிக்குட்டி, முள்ளம்பன்றி, குரங்கு, மந்தி, கேளை. நம் தோட்டத்துக்குள் வருகிற திருடர்களின் பட்டியல் இதுதானே? மத்திய மலைநாட்டில் தோட்டங்களை ஒட்டி வாழும் சிறுத்தைகளைப் பல வருசமாக ஆராயும் அஞ்சலி வாட்சனும் அண்ட்ரூ கிட்டிலும் சொல்வது, தேயிலை மலைகளுக்கு நடுவில் மிஞ்சியிருக்கும் சின்னச் சின்னக் காட்டுத் துண்டுகளிலும் முகட்டு மரங்களுக்கிடையிலும் அவை நடமாடிக்கொண்டிருக்கின்றன என்பது. இரவில் சம்பளம் வாங்காமல் காவல் பார்க்கிற ஒருத்தர் அங்கே இருக்கிறார். பன்றிக்குப் போட்ட கம்பியில் அவர் மாட்டினால், ஒரு பன்றி குறையாது; அவர் பிடிக்கவிருந்த குட்டிகள் அத்தனையும் அடுத்த வருசம் நம் வத்தாளைக்கு வரும்.

சிறுத்தையைச் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள், அதற்கு மவுசு. நான் உண்மையில் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன ஆட்களைப் பற்றி. இந்த வறண்ட மூன்று மாதமும் உங்கள் பாத்தியில் யார் யார் வேலை செய்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். போஞ்சி தன் பாட்டில் காய்க்கும். அதன் பூ தனக்குத்தானே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். பூசணி அப்படி இல்லை. ஆண் பூ தனி, பெண் பூ தனி. விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுமுன் சுருங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு தேனீ இந்தப் பூவிலிருந்து அந்தப் பூவுக்குப் போனால்தான் காய். பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போடுகிறோம். பாதி நேரம் அது தேனீ வராத கோளாறு. சௌசௌவுக்கும் பாகலுக்கும் இதே கதைதான். காலையில் பூச்சி மருந்து அடிக்கிறவர்கள் தயவுசெய்து அதைப் பொழுதுசாய வைத்துக்கொள்ளுங்கள். பூ சுருங்கிய பிறகு அடித்தால் பாதித் தேனீயாவது மிஞ்சும்.

தேனீ என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு முகம் மாறுவது தெரிகிறது. மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. திரும்பி வராதவர்களும் உண்டு. நாம் குளவி என்று சொல்வதில் பெரும்பாதி உண்மையில் மலைத்தேனீ. உயரமான மரத்திலும் பாறையிலும் பெரிய அடையாகக் கட்டி, பூவைத் தேடிக் காலத்துக்குக் காலம் இடம் மாறுகிற இனம். அதற்குப் பயப்படுவது நியாயம். ஆனால் அதைக் கிளப்புவது பெரும்பாலும் புகை, கல், பருந்தின் சிறகு. பத்தனையில் வைக்கிற தீ அங்கே முடிவதில்லை. புகை அடையைக் கலைத்தால் அடுத்த நாள் கொழுந்து மலையில் அடி வாங்குவது நம் வீட்டுப் பொம்பளைகள்.

துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒரு தேரை குடியிருக்கும். பகலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும், இரவு கோவாப் பாத்தியில் புழுவும் அட்டையுமாக வயிறு நிறைக்கும். சாரைப் பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலிக்காய்ச்சல் யாரிடமிருந்து வருகிறது என்று உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரைக் கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் சாரையை அடிக்க உங்களுக்கு மனசு வருமானால் நான் ஒன்றும் சொல்லவில்லை. கூரை இடுக்கில் இருக்கும் கூகையும் அதே வேலைதான் பார்க்கிறது. கூகை கத்தினால் சாவு என்று கல் எறிகிறோம். சாவு வருகிற வீட்டுக்கு அது முன்கூட்டி அறிவித்து எனக்கு அனுபவம் இல்லை. எலி வருகிற வீட்டுக்கு அது வருவதைப் பார்த்திருக்கிறேன்.

வாழைப்பூவில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு, உண்ணிப் பழத்துக்கு வரும் கொண்டைக்குருவி, பலா மரத்தில் மத்தியானம் முழுக்க ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பும் குக்குறுவான், கூட்டமாக வந்து குப்பையைக் கிளறி விட்டுச் சண்டை போட்டுக்கொண்டே போகும் தவிட்டுக்குருவி. ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, தேத்தண்ணிக் கோப்பை ஆறுவதற்குள், லயத்தின் கடைசிக் காம்பராவுக்குப் பின்னால் மட்டும் பதினொரு வகை. இதற்கு நாம் செய்த உபகாரம் ஒன்றும் இல்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் போகும் கான் அங்கே இருக்கிறது. அவ்வளவுதான்.

எண்ணிக்கை என்றதும் ஒரு கதை. 2025 மார்ச் 15ஆம் திகதி, சனிக்கிழமை, காலை 8 மணியிலிருந்து 8.05 வரை இந்த நாடே தன் வீட்டுத் தோட்டத்தில் நின்று மிருகம் எண்ணியது. குரங்கு, மந்தி, மலையணில், மயில். ஐந்து நிமிசம். நம் குரங்குகளுக்கு அந்த அறிவித்தல் போய்ச் சேரவில்லை போலும். அன்று அவை 8.20க்குத்தான் வந்தன. அதற்கு ஒரு மாதம் முன்னர் பாணந்துறையில் மின் நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்ததால் முழு இலங்கையும் இருட்டானது என்று அமைச்சரே சொன்னார். அதற்கும் முன்னர், 2023-இல், ஒரு இலட்சம் குரங்கைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை. எதிர்ப்பு வந்து, வழக்கும் போய், அது நின்றது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நம் செங்குரங்கு இலங்கையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் இல்லை. ஆனால் விஞ்ஞானிகள் அதற்கு வைத்த பேர் மக்காக்கா சினிக்கா. சினிக்கா என்றால் சீனத்தது. 1771-இல் லின்னேயஸ் வைத்த பேர். இங்கேயே பிறந்து இங்கேயே சாகிற ஒன்றுக்கு வேறு நாட்டின் பேர், பிறகு கப்பல் பேச்சு, பிறகு ஒரு நாள் எண்ணிக்கை.

நம்மை மிருகத்தோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்காதீர்கள். ஆனால் இந்தக் கதையைக் கேட்கும்போது உங்களுக்கும் எதுவோ உறுத்தவில்லையா? இங்கே பிறந்து இங்கே கொழுந்து பறித்தவர்களைப் பல காலம் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் என்றே எழுதினார்கள். 1948-இல் பிரசாவுரிமை போனது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம். நம் தாத்தா பாட்டியின் பேரை யாரும் கேட்கவில்லை, எண்ணிக்கையைத்தான் பேசினார்கள். தலைமன்னார்க் கப்பலுக்குப் போக ரயில் ஏறியவர்கள், தாங்கள் நட்ட கொய்யா மரத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்று அம்மா சொல்வாள். 'கூடிப்போச்சு, அனுப்பு' என்கிற பேச்சை எவர் எதைப் பற்றிச் சொன்னாலும், அதைக் கேட்டு லேசாகத் தலையாட்டிவிட முடியாத ஒரு சனம் இந்த நாட்டில் இருந்தால் அது நாமாகத்தான் இருக்க வேண்டும்.

நிலத்துக்கு வருவோம். அதுதான் உங்கள் பெரிய மறுப்பு என்று எனக்குத் தெரியும். "இடமே நம்முடையது இல்லை, இதில் மரம் நட்டு, வேலி வளர்த்து, குருவிக்கு நிழல் கொடுத்து என்ன செய்ய?" நியாயமான கேள்வி. பசறை, லுணுகலைப் பக்கத்துக் கிராமத் தோட்டங்களைப் பாருங்கள்: பலாவில் மிளகு ஏறியிருக்கும், அதன் நிழலில் கோப்பி, அதற்குக் கீழே இஞ்சி, ஓரத்தில் கித்துள். மூன்று தலைமுறைக்கு முன் ஒருவர் நட்டது. நாம் நடுவதோ மூன்று மாதத்தில் பிடுங்குகிற சாமான். முள்ளங்கி, போஞ்சி, கீரை. நமக்கு மரம் வளர்க்கத் தெரியாததால் இல்லை. நாளைக்குத் துரை வந்து இந்தப் பக்கம் கன்று வைக்கப்போகிறோம், எடு என்றால் எடுக்க வேண்டும் என்ற பயம் நம் பயிரையே தீர்மானித்துவிட்டது. உறுதி இல்லாத காணியில் விளைவது அவசரப் பயிர். அவசரப் பயிருக்கு அவசர வேலி. அந்த அவசர வேலியின் பேர்தான் கிளச் கம்பி.

காணி உறுதிக்காகப் பேசுவதை நாம் விட வேண்டாம். 7 பேர்ச்சில் வீடு கிடைத்த குடும்பங்கள் இருக்கின்றன, வீடு கிடைத்தும் உறுதி கையில் வராத குடும்பங்களும் இருக்கின்றன, ஒன்றும் கிடைக்காமல் வெள்ளைக்காரன் கட்டிய லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள்தான் இங்கே கூட. சங்கத் தலைவர்மார் தேர்தலுக்குத் தேர்தல் இதைப் பேசுகிறார்கள். அவர்களிடம் பயிர் நட்டத்தையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். மிருகம் அழித்த லயத்துத் தோட்டத்தை எவரும் பதிவதே இல்லை. காணி நம் பேரில் இல்லாதபோது நட்டமும் நம் பேரில் இல்லை போலிருக்கிறது. ஆனால் உறுதி வரும்வரை கம்பி தொங்கட்டும் என்று இருக்க முடியாது. ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: உறுதி இல்லாமலே நாம் மரம் காத்திருக்கிறோம். மலைக்கு மலை கவ்வாத்துச்சாமிக்கும் முனியாண்டிக்கும் கல் நட்ட இடத்தில் நிற்கிற மரத்தை எந்தத் துரையும் வெட்டவில்லை, நாமும் வெட்டவில்லை. அந்த மரத்தடியில்தான் இந்த வறட்சியிலும் மண் ஈரமாக இருக்கிறது. போய்க் கையை வைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பன்றிக்கு என்ன வழி? எல்லாவற்றையும் தடுக்கிற வேலி என்று ஒன்று இல்லை. இருக்கிறது என்று சொல்கிறவர் எதையோ விற்க வந்தவர். குரங்குக்கு வேலியே கணக்கில்லை, கம்பியும் அதை நிறுத்தியதில்லை. ஆனால் நட்டத்தைப் பாதியாக்கலாம். கிழங்கு எல்லாவற்றையும் காம்பராவை ஒட்டிய பாத்திக்குக் கொண்டுவாருங்கள். மனித மூச்சுப் படுகிற இடத்தில் பன்றி கொஞ்சம் தயங்கும். வெளி ஓரத்தில் மிளகாய், மஞ்சள், சேரைப் புல், கத்தரி போன்று அவை அவ்வளவாக விரும்பாததை வையுங்கள். கிளிசரிடியாக் கம்பை ஒரு முழத்துக்கு ஒன்றாக நெருக்கி நட்டு, இடையில் மூங்கில் பிளாச்சுக் கட்டினால் இரண்டு மழைக்குள் அது உயிர்வேலி. அதன் இலையே உரமும் ஆகும். ரோட்டோரக் காட்டுச் சூரியகாந்தியையும் வெட்டிப் பாத்தியில் பரப்புங்கள். காய்ந்த மானாப் புல்லை எரிக்காமல் அறுத்து வந்து தூரைச் சுற்றிப் போட்டால், ஒரு நாள் ஊற்றிய தண்ணீர் மூன்று நாள் நிற்கும். ஒரு வாளி சுமப்பது மிச்சமாகிறது என்றால் முதுகுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

காவல் வேண்டும். முன்னர் லயத்துக்கு லயம் முறைபோட்டுப் பரண் கட்டி, தகரம் தட்டி இருந்தார்கள். என் சின்ன வயதில் அந்தத் தகரச் சத்தத்தில்தான் தூங்கினேன். ஒவ்வொருவரும் தன் தன் பாத்திக்குத் தனித்தனியாகக் கம்பி கட்டத் தொடங்கியபோது அந்த முறை போனது. பத்துக் காம்பரா சேர்ந்தால் ஒருவருக்குப் பத்து நாளைக்கு ஒரு இரவுதான் வரும். பொடியன்கள் எப்படியும் கைப்பேசியோடு பன்னிரண்டு மணிவரை முழித்துத்தான் இருக்கிறார்கள். அதைப் பரணில் இருந்து பார்க்கட்டும்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று. பாத்தியிலிருந்து தள்ளி, சரிவின் மேல்பக்கத்தில், ஒரு உடைந்த தாச்சியோ பழைய டயரோ வைத்துப் பீலிக் கழிவுத் தண்ணீரை அதற்குத் திருப்பிவிடுங்கள். கீழே இறங்க வேண்டிய தேவை பாதிக்குக் குறையும். இரண்டு நாளைக்கு ஒரு முறை கவிழ்த்துக் கழுவுங்கள், நுளம்பு முட்டையிட்டு டெங்கு வந்தால் பிறகு என்னைத்தான் தேடி வருவீர்கள். குருவிக்கென்றால் ஒரு சிரட்டை போதும். குரங்குக்கு மட்டும் கையால் எதையும் கொடுக்காதீர்கள். பாவம் பார்த்து ஒரு வாழைப்பழம் கொடுத்தவர் வீட்டுச் சோற்றுப்பானை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருப்பதைக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. மறக்க மாட்டீர்கள், தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன வருசமும் அதுதான். சிறுத்தை செத்தால் சட்டம் கம்பி கட்டியவரைத்தான் தேடும், அவர் பன்றிக்குக் கட்டினார் என்பதை அது கேட்காது. வேலைக்குப் போகிற பொம்பளை நீதிமன்றத்துக்கு அலைய ஆரம்பித்தால் அந்த வருசத்துப் பேர் எல்லாம் போய்விடும். கம்பிக்கு மின்சாரம் கொடுக்கிறவர்களிடம் நான் கெஞ்சவே மாட்டேன், கேட்கிறேன்: அதில் மனிசர் செத்த செய்தி இந்த நாட்டில் எத்தனை முறை வந்துவிட்டது? உங்கள் சொந்தப் பிள்ளை பந்து எடுக்க இருட்டில் அந்தப் பக்கம் போக மாட்டான் என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?

என் கேள்வி இவ்வளவுதான். வருகிற ஆடி முதல் வெள்ளிக்கிழமை, அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற அன்று, காலையில் ஒவ்வொருவரும் தன் தன் தடத்தில் நடந்து போய்ச் சுருக்கைக் கழற்றி வாருங்கள். கட்டியவருக்குத்தான் இடம் தெரியும். வேறு யாரும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. சிலதைப் போன வருசம் கட்டி மறந்திருப்பீர்கள், அதையும் தேடுங்கள். மறந்த கம்பி துருப்பிடிக்கும்வரை வேலை செய்யும். கொண்டுவந்து பீலிக்கரைத் திட்டில் போடுங்கள். யார் போட்டது என்று நான் எழுதமாட்டேன், எண்ணவும் மாட்டேன். எண்ணுவதில் நமக்கு ஏற்கெனவே போதும் போதும் என்றாகிவிட்டது. மத்தியானம் இரும்புக்காரர் வருவார், அவரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டு வருகிற காசுக்கு மிளகாய்க் கன்று வாங்கிப் பிரித்துக்கொள்வோம்.

நான் ஆறு மணிக்கே வந்துவிடுவேன். முதலில் விழப்போவது என் வீட்டு ஆணியில் இத்தனை வருசமாகத் தொங்கும் அந்த இரண்டு கம்பி. தனியாக வீச எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் வைத்திருந்தேன். பெரியம்மா, நீங்களும் அன்றைக்கு வந்து அந்தத் திட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

இப்படிக்கு,
மேல் லயத்துக் கடைசிக் காம்பராக்காரன்
மடுல்சீமை